முப்பத்தொரு பேரின் ஊர்

பல் செட் வைத்திருப்பவர்களுக்குப் பல் டாக்டரைத் தெரியும். அந்தப் பல்லைச் செய்தவளைத் தெரியாது. டாக்டரின் அறைக்குப் பின்னால், ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காத ஓர் அறையில், பத்தொன்பது வருடமாக அவள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். வாயில் வைத்து எடுத்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றுவாள். காய்ந்ததும் பிரித்தெடுத்து, மெழுகில் ஈறு வடித்து, ஒவ்வொரு பல்லாக நடுவாள். ஒரு பல் மயிரிழை தூக்கலாக நின்றால் போதும், அந்த ஆள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடவேண்டியதுதான். அதனால் எதையும் இரண்டு தடவை அளந்து பார்க்கிற புத்தி அவளுக்குள் ஊறிப்போயிருந்தது.

கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்தவள், அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தாள். கீழே அண்ணனும் அண்ணியும். அண்ணன் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். அணையிலிருந்து வரும் தண்ணீரில் எவ்வளவு குளோரின் விடவேண்டும் என்று பார்த்து விடுகிற வேலை. பேச்சுக் குறைவு. சாப்பிட உட்கார்ந்தால் குழம்பு நன்றாக இருக்கிறதா என்பதையே அண்ணி அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும்.

அவள் இணையத்தில் ஒரு செய்திப் பக்கத்தைத் தொடங்கியது ஒரு கோபத்தில். 'நாளை பஸ் ஓடாது' என்று யாரோ எவருக்கோ அனுப்பிய தகவல், கை மாறி மாறி அவள் போனுக்கும் வந்தது. நம்பி, காலையில் நடந்தே கிளம்பினாள். பாதி வழியில் ஒரு பஸ் அவளைத் தாண்டிப் போயிற்று. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது பஸ்ஸின் டிரைவர் அவள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஹாரன் அடித்து நிறுத்தி ஏற்றிக்கொண்டார். அன்று மதியம் சோற்று டப்பாவைத் திறக்கும் முன்பே 'ஊர் நடப்பு' என்று ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டாள். விதிகள் மூன்றுதான். செய்தி எங்கிருந்து வந்தது என்பதைச் சேர்த்துப் போடவேண்டும். தலைப்பை மாற்றக்கூடாது. ஆளைத் திட்டக்கூடாது.

முதல் வருடம் இருநூறு பேர். யார் எதைப் போட்டாலும் பிடித்தவர்கள் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்துவார்கள். அதிக அம்பு வாங்கிய செய்தி மேலே நிற்கும். எந்தச் சாலையில் பள்ளம் தோண்டுகிறார்கள், மின்சாரம் எப்போது நிற்கும், காணாமல்போன பூனை கிடைத்ததா என்று போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுகிற பெரியவர் ஒருவர் தினமும் காலை ஏழு மணிக்கு வானம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுவார். 'மப்பு. குடை எடுக்கவும்.' அவ்வளவுதான். அதற்கு அறுபது அம்பு விழும். எல்லாரும் அவளை 'அட்மின் அக்கா' என்றார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட. அது அவளுக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. பல் செட்டில் பேர் போட முடியாதல்லவா.

பிறகு ஒரு பெருமழை வந்தது. மூன்று நாள் ஊரில் பாதி முழங்கால் தண்ணீரில் நின்றது. எந்தத் தெருவில் இறங்கலாம், எங்கே மருந்துக்கடை திறந்திருக்கிறது என்று நம்பகமாகச் சொன்னது 'ஊர் நடப்பு' மட்டும்தான். அறுநூறு பேராக இருந்தது அந்த வாரத்தில் ஒன்பதாயிரம் ஆனது. மழை வடிந்தது. கூட்டம் வடியவில்லை. வருடம் திரும்புவதற்குள் இருபத்திரண்டாயிரம் பேர்.

"ஊரே உன் கைக்குள்ள இருக்குன்னு சொல்லு," என்று அண்ணி கேலி செய்தாள்.

"கைக்குள்ள இல்ல அண்ணி, கழுத்து மேல உக்காந்திருக்கு," என்றாள் அவள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் உண்மை அதுதான். ஒரு கையில் மெழுகுக் கத்தி, மறு கையில் போன். ஒரு பல்லை நடுவதற்குள் நாற்பது புகார். இது தனியாள் வேலை இல்லை என்று புரிந்ததும் இரண்டு பேரைத் துணைக்குச் சேர்த்தாள். ஒருத்தி பொது நூலகத்தில் வேலை பார்ப்பவள், ஆரம்பத்திலிருந்து பழக்கம். இன்னொருவர் 'கழுகுக்கண்' என்ற பெயரில் எழுதுகிறவர். நேரில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் எந்நேரமும் 'ஊர் நடப்பு' பக்கத்திலேயே இருப்பார். தப்புத் தகவலைக் கண்டால் முதலில் மூக்கில் வியர்ப்பது அவருக்குத்தான். இவ்வளவு அக்கறையுள்ளவர் வேறு யார் என்று, தன் அளவுக்கே எல்லா அதிகாரத்தையும் அவருக்கும் கொடுத்தாள். நூலகக்காரி மட்டும், "ஆளைப் பாக்காமயே சாவியக் குடுக்குறியே," என்றாள்.

கூட்டம் பெருகப் பெருகப் பக்கத்தின் முகம் மாறியது. பள்ளத்துக்கும் பூனைக்கும் அம்பு விழவில்லை. யாரையாவது கூண்டில் ஏற்றுகிற செய்திக்கு விழுந்தது. 'ரொட்டிக்கடையில் எலி' என்று மூலமே இல்லாமல் ஒருவர் போட, அவள் நீக்குவதற்குள் ஆயிரம் அம்பு. நீக்கியதும், 'எலி உங்களுக்கு என்ன உறவு அட்மின்?' என்று கேள்வி. அதற்கு இரண்டாயிரம். அவளே ஒரு கணம் சிரித்துவிட்டாள். ரொட்டிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதத்தில் கடையை மூடினார்.

குடை எடுக்கச் சொல்கிற பெரியவர் ஒருநாள் 'வெயில்' என்று எழுதினார். கீழே ஒருவன், 'இதைச் சொல்ல நீ வேணுமா கிழவா' என்றான். அவன் எழுதியதை அவள் உடனே அழித்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெரியவர் எழுதவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இப்படிப் போனவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

நூலகக்காரி பொறுமைசாலி. ஒரு மாதம் முழுக்கப் பக்கத்தில் யார் யார் எழுதுகிறார்கள் என்று நோட்டுப் போட்டு எண்ணினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்து நோட்டை விரித்து வைத்தாள்.

"இருபத்திரண்டாயிரம் பேருல, மாசத்துக்கு ஒரு வார்த்தையாவது எழுதுறவங்க எழுநூறு பேர்கூட இல்ல. அதுலயும் பாதிக்கு மேல எழுதுறது எத்தன பேர் தெரியுமா? முப்பத்தொண்ணு."

"முப்பத்தொரு பேரா?"

"அதோட விட்டாப் பரவால்ல. ஒரு செய்தி வந்து முதல் பத்து நிமிஷத்துல அம்பு விழுந்தாத்தான் அது மேல போகும். அந்தப் பத்து நிமிஷத்துல உக்காந்திருக்கிறது இவங்க மட்டும்தான். மத்தவங்க சாயங்காலம் வந்து பாக்கும்போது, ஓ, ஊர்ல இதான் பேச்சு போலன்னு நெனச்சுக்கிறாங்க."

அவள் நோட்டில் இருந்த பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். முதல் பெயர் கழுகுக்கண்.

அந்தக் கோடையில் தண்ணீர் வாடை அடித்தது. அணையில் மட்டம் இறங்கிவிட்டது. அடித் தண்ணீர் கலங்கலாக வர, குளோரினைக் கொஞ்சம் கூட்டவேண்டியிருந்தது. வருடாவருடம் நடப்பதுதான். ஆனால் இந்த வருடம் 'ஊர் நடப்பு' இருந்தது. 'குழாயில் மருந்து வாடை. நம்மை வைத்துச் சோதனை நடக்கிறதா?' என்று ஒருவர் போட்டார். மூலம் கிடையாது. பத்து நிமிடத்தில் மேலே போய்விட்டது.

அவள் அண்ணனிடம் கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்து, சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் வெளிர் மஞ்சளானது.

"இந்த மஞ்சள் தெரிஞ்சாத்தான் தண்ணி பத்திரம். ஊரோட கடைசித் தெருவரைக்கும் இது தெரியணும். தெரியலைன்னாத்தான் பயப்படணும்," என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

அதை அப்படியே எழுதினாள். நிலையத்தின் அறிக்கையையும் சேர்த்துப் போட்டாள். பத்து நிமிடத்தில் அது கீழே போய், யார் கண்ணிலும் படாத இடத்தில் கிடந்தது. அன்று சாயங்காலம் வேறொரு பதிவு வந்தது. நிலையத்தின் வாசலில் சைக்கிளோடு நிற்கும் அண்ணனின் படம். பக்கத்தில் அவளுடைய படம். 'தண்ணீரில் கலப்பவன் அண்ணன். மூடி மறைப்பவள் தங்கை.'

அதைப் பார்த்ததும் நீக்கினாள். மறுபடி வந்தது. நீக்கினாள். நீக்க நீக்க, 'பாருங்கள், நீக்குகிறாள்' என்பதே செய்தியானது.

அந்த வாரம் பல் டாக்டரிடம் ஒரு வயதான தம்பதி வந்தார்கள். மனைவியின் கீழ்வரிசைப் பல் செட் ஈறில் உரசுகிறதாம். டாக்டர் அவளை வெளியே கூப்பிட்டார். தேய்த்துச் சரிசெய்து, அந்தம்மாவின் வாயில் மெல்ல வைத்து, "கடிச்சுப் பாருங்கம்மா," என்றாள். கணவர் மடக்கிய குடையைத் தொடைமேல் வைத்து அடக்கமாக உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம்.

"நீங்கதான அட்மின் அக்கா?" என்றார் மெதுவாக. "நான்தான்மா கழுகுக்கண்."

அவள் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள். அவர் இப்படி இருப்பார் என்று அவள் நினைக்கவே இல்லை.

"எங்க அண்ணன் படத்தை யாரு போட்டதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. கையெடுத்துக் கும்பிடுற வேலை பாக்குறீங்க. அங்க எழுதுறது வேற."

"தண்ணில விஷம்னு நிஜமாவே நம்புறீங்களா?"

"நான் நம்புறது இருக்கட்டும். ஜனங்க கேக்குறாங்களே."

"எத்தன பேர் கேக்குறாங்க? முப்பத்தொரு பேர். எண்ணிப் பாத்தாச்சு."

அவர் புன்னகைத்தார். ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் போல, "பேசுறவங்கதாம்மா ஊரு," என்றார். "பேசாதவங்க எத்தன பேர் இருந்தா என்ன."

மனைவி வாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இப்ப உரசல," என்றாள். பிறகு தயக்கத்துடன், "வீட்டுல இவர் வாயே திறக்கமாட்டாரும்மா. நீங்க இவ்வளவு நேரம் பேசவெச்சிட்டீங்க," என்றாள். அவர் எழுந்து நின்று, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் ஒரு பல் செட்டுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். 'நீங்கள் இனி இந்தப் பக்கத்தின் பொறுப்பாளர் அல்ல.' நூலகக்காரிக்கும் அதே தகவல் வந்திருந்தது. உறுப்பினர்களின் விருப்பப்படி வாக்கெடுப்பு நடத்தி நீக்கியதாகக் கழுகுக்கண் அறிவித்திருந்தார். வாக்கெடுப்பு நடந்தது காலை பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை. வாக்களித்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். மூன்று விதிகளும் அன்றே நீக்கப்பட்டன. அவள் மோட்டாரை மறுபடி போட்டாள். ஒரு முன்பல் அளவுக்கு மேல் தேய்ந்து போயிற்று. அதை மெழுகிலிருந்து புதிதாகச் செய்யவேண்டியிருந்தது.

அடுத்த வாரம் நிலையத்தின் வாசலில் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் நாற்பது பேர் இருக்கலாம். ஆனால் கேட்டை ஒட்டி நெருக்கமாக நின்று எடுத்த படத்தில் நானூறு பேர் போலத் தெரிந்தது. அந்தப் படம் அன்றைக்குள் ஊர் முழுக்கச் சுற்றியது. மறுநாள் நிஜமாகவே நானூறு பேர் வந்தார்கள். அண்ணன் வேலை முடிந்து வெளியே வந்தபோது யாரோ சைக்கிள் டயரைக் கிழித்திருந்தார்கள். தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் இருவர் பின்னால் வந்து படம் எடுத்துக்கொண்டே இருந்தார்களாம்.

அண்ணி அன்றுதான் அவளிடம் முகம் கொடுக்காமல் பேசினாள். "ஊருக்கு நல்லது பண்றேன்னு கதவத் திறந்துவிட்டது நீதான். இப்ப எல்லாரும் நம்ம வீட்டுக்குள்ள நிக்கிறாங்க."

அண்ணன்தான், "அவள எதுக்குச் சொல்ற," என்றார்.

மேலதிகாரிகள் பயந்துவிட்டார்கள். வாடை வராத அளவுக்குக் குளோரினைக் குறைக்கும்படி வாய்மொழியாக உத்தரவு வந்தது. எழுதித் தாருங்கள் என்று அண்ணன் கேட்டார். எழுதித் தரவில்லை. மாறாக, அவரைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். போல்ட்டும் வாஷரும் எடுத்துக்கொடுக்கிற வேலை. வேறு ஆபரேட்டர் வந்தார், சொன்னபடி குறைத்தார். குழாயில் வாடை நின்றது. 'நாம் ஜெயித்தோம்' என்று பக்கத்தில் போட்டார்கள். அதற்கு விழுந்த அளவு அம்பு அதுவரை எதற்கும் விழுந்ததில்லை. அன்று மட்டும் ஐயாயிரம் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

அண்ணன் மட்டும் தினமும் சாயங்காலம் சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பார். மஞ்சள் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"கொதிக்கவெச்சே குடிங்க," என்றார். "நம்ம தெருவுலயே இல்லன்னா கடைசித் தெருவுல எங்க இருக்கப்போகுது." மறுநாள் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவளும் தன்னால் ஆனதைச் செய்தாள். வேலை முடிந்ததும் கடைசித் தெருவுக்குப் போய், கதவு கதவாகத் தட்டி, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றாள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க அந்தத் தங்கச்சிதானே," என்று கதவைச் சாத்தினார்கள். பதினோராவது வீட்டில் ஒருவர் போனை எடுத்து அவளைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். அதோடு திரும்பிவிட்டாள்.

மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு வந்தது. கடைசித் தெருவில் முதலில் ஏழு பேர், பிறகு முப்பது, பிறகு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் போட இடமில்லை. வயதானவர்கள் இருவர் இறந்தார்கள். அதில் ஒருவர் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் அந்தப் பெரியவர் என்று நூலகக்காரி போனில் சொன்னபோது, அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. 'நாங்கள் அப்போதே சொன்னோம்.'

பொறுக்கமுடியாமல், புதிய பெயரில் உள்ளே போய், அண்ணன் குறித்து வைத்திருந்த அளவுகளைத் தேதிவாரியாகப் போட்டாள். எந்த நாளில் குறைத்தார்கள், எந்த நாளில் முதல் நோயாளி வந்தார் என்று யார் படித்தாலும் விளங்கும்படி எழுதினாள். நாலு அம்பு விழுந்தது. ஆறாவது நிமிடத்தில் பதிவு காணாமல்போனது. பத்தாவது நிமிடத்தில் அவளும் வெளியேற்றப்பட்டாள்.

அடுத்த வீட்டுப் பெண் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். தண்ணீர் மாதிரிகளைச் சோதித்தது அவள் கையால்தான். சனிக்கிழமை காலை மாடியில் துணி காயப்போடும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று மெல்லிய குரலில் பேச்சுக் கொடுத்தாள்.

"உங்க அண்ணன் சொன்னதுதான்கா சரி. விஷமும் இல்ல, மருந்தும் இல்ல. தண்ணில கிருமி. குளோரின் சுத்தமா இல்ல. அந்த அளவுகள நீங்க புதுப் பேர்ல போட்டதையும் பாத்தேன்."

"பாத்தியா? அப்ப நீ ஒரு வரி எழுதியிருக்கலாமேம்மா. சோதனை பண்ணினவ நீ. நீ சொன்னா எடுபட்டிருக்கும்."

அந்தப் பெண் ஈரத்துணியை உதறினாள். "எதுக்குக்கா வம்பு. எங்க ஆய்வகத்துல எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுதல. நீங்க பட்டது போதாதா."

அதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

ஆய்வக அறிக்கை திங்கட்கிழமை வெளியானது. விஷம் எதுவும் இல்லை, கிருமிதான் என்று அதில் எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் நூலகக்காரி பக்கத்தில் வந்ததைப் படமெடுத்து அனுப்பினாள். அறுபதாயிரம் பேர் இருக்கிற பக்கம் இப்போது. 'அறிக்கையை மாற்றியது யார்? ஆய்வகத்தில் வேலை செய்பவர்களின் பெயர், வீடு தெரிந்தவர்கள் கீழே போடவும்.' போட்டவர் கழுகுக்கண். நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. கீழே மூன்றாவதாக அவர்களுடைய தெருவின் பெயர் இருந்தது.

அவள் மெழுகு உருக்கும் அடுப்பை அணைத்துவிட்டு, டாக்டரிடம் சொல்லிக்கொண்டு, அடுத்த வீட்டுப் பெண்ணைப் போனில் கூப்பிட்டபடியே தெருவில் இறங்கினாள். நெடுநேரம் மணி அடித்தது. கடைசியில் எடுத்தாள்.

"எங்கம்மா இருக்க? வீட்லயா? பிள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் பின்வாசல் வழியா எங்க வீட்டுக்கு வந்துரு. அண்ணி இருக்காங்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

அந்தப் பக்கம் ஜன்னல் திரையை விலக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றாள் அந்தப் பெண், மாடிச் சுவரருகே பேசிய அதே மெல்லிய குரலில், "கேட்டுக்கு வெளியில ரெண்டு பேர் ஏற்கனவே நிக்கிறாங்க. ஒருத்தர் வயசானவர். குடை வெச்சிருக்காரு. ரொம்ப மரியாதையாத்தான் பேசுறாரு. கதவத் திறக்கட்டுமா?"